மொட்டை மாடியில் மூன்று மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 25. ஊர் பேரணாம்பட்டு பக்கம். ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை. ஏழாவது படிக்கும்போதிலிருந்து மனதுக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் எனக்கு வேறு பெயர், வேறு வீடு. ஓர் அண்ணன் இருக்கிறான். நிஜத்தில் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. வேலை முடிந்து வந்ததும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பேன். நடந்தால்தான் கதை ஓடும். மூன்று மணி நேரம் போவதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கணக்கே இல்லை. நிறுத்தப் பார்த்தாலும் முடியவில்லை. சிரிப்பேன், அழுவேன், உதடு அசையும். எதிர் வீட்டில் பார்த்துவிட்டு, யாரோ பையனோடு பேசுகிறாள் என்றார்கள். அம்மா போனைப் பிடுங்கிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை என்றதும், காத்து கருப்பு என்று மந்திரித்துத் தாயத்து கட்டினார். போன மாதம் மிஷினில் உட்கார்ந்தபடியே கதைக்குள் போய்விட்டேன். ஊசி விரலில் இறங்கிவிட்டது. இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நெட்டில் தேடியதில் இதற்கு மாலடாப்டிவ் டேட்ரீமிங் என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. நான் பைத்தியமா? இந்த உலகத்தை அடியோடு அழித்துவிட வேண்டுமா? கட்டிக்கப் போகிறவரிடம் சொல்ல வேண்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பைத்தியம் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அண்ணனைப் பற்றி எழுதிய அடுத்த வரியிலேயே, நிஜத்தில் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கதை எது, வீடு எது என்பதில் உங்களுக்குக் குழப்பமே இல்லை. மனச்சிதைவு போன்ற நோய்களில் முதலில் கலங்குவது அந்த இடம்தான். குரல் வெளியிலிருந்து கேட்கும்; அது நிஜம் என்று நோயாளி அடித்துச் சொல்வார்; தான் உண்டாக்கிய ஒன்று என்று ஒத்துக்கொள்ள மாட்டார். உங்களுக்கு உண்டாக்குவதும் நீங்கள்தான், அது தெரிந்திருப்பதும் உங்களுக்குத்தான். என்றைக்காவது அந்த அண்ணனின் குரல் நீங்கள் கூப்பிடாமலேயே காதில் கேட்டாலோ, அவன் உண்மையிலேயே எங்கோ இருக்கிறான் என்று தோன்ற ஆரம்பித்தாலோ, அது வேறு விஷயம். அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்போது நீங்கள் சொல்வது அது இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மருத்துவ உளவியலாளர். மாத்திரை எழுதும் டாக்டர் இல்லை. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு இன்ன பிரச்சினை என்று முத்திரை குத்தவும் மாட்டேன். ஆனால் நடை, பாட்டு, வருடக்கணக்கில் வளரும் ஒரே கதை, அதே பாத்திரங்கள், போகும் நேரம், நிறுத்த முடியாத தவிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் நீங்கள் நெட்டில் பார்த்த மாலடாப்டிவ் டேட்ரீமிங், அதாவது வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குப் போகும் பகற்கனவு என்ற அந்தப் பெயரோடு நன்றாகவே பொருந்துகிறது.

அந்தப் பெயரை வைத்தவர் எலி சோமர். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர். தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஆறு பேரைப் பற்றி 2002இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் அது முதலில் வந்தது. பிறகு 2016இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளும் உருவானது. இடைப்பட்ட வருடங்களில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து, 'எனக்கும் இப்படித்தான், நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்' என்று ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். நீங்கள் நெட்டில் பார்த்தது அவர்களைத்தான்.

ஆனாலும் இது இன்னும் அதிகாரபூர்வமான நோய்ப் பட்டியலில் ஏறவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5இலும் கிடையாது, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11இலும் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஒரு டாக்டரிடம் போய் இந்தப் பெயரைச் சொன்னால், அவர் கேள்விப்பட்டிராமல் இருக்கலாம். 'கூகுள் பார்த்துட்டு வந்துட்டியா' என்று எரிச்சல்படவும் கூடும். அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். பெயரை ஓரமாக வைத்துவிட்டு, நடப்பதைச் சொல்லுங்கள்: தினம் இத்தனை மணி நேரம் போகிறது, நிறுத்த முயன்றால் முடியவில்லை, மிஷினில் விரலைத் தைத்துக்கொண்டேன். இந்த மூன்றையும் கேட்டால் எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார்.

கனவு காண்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பகற்கனவு காணாத மனிதர் கிடையாது. 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் ஆட்களின் போனில் நேரம் கெட்ட நேரத்தில் 'இப்போது மனம் எங்கே இருக்கிறது' என்று கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி நேரம், 46.9 சதவீதம், கையிலிருக்கும் வேலையில் மனம் இல்லை என்று தெரிந்தது. அதனால் உங்களிடம் நான் பார்ப்பது கற்பனை எவ்வளவு பெரியது என்பதை அல்ல. அதனால் எது கெட்டுப்போகிறது, விட நினைத்தால் விட முடிகிறதா, இரண்டையும்தான். தினம் மாடியில் அரை மணி நேரம் கதை ஓட்டிவிட்டு இறங்கி வந்து சாப்பிட்டுத் தூங்குகிற ஒருத்திக்கு நான் எந்த ஆலோசனையும் சொல்ல மாட்டேன். உங்கள் விரலில் ஊசி இறங்கியதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி, உங்களைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றி. கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் பகுதிதான்.

எதிர் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒரு பெண் மாடியில் தனியாக நடக்கிறாள், சிரிக்கிறாள். உடனே அதற்கு ஒரு பையனைக் கற்பித்துவிட்டார்கள். இதையே 25 வயதுப் பையன் செய்திருந்தால், 'போன் பேசிட்டு இருக்கான்' என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். போனில் பையன் இல்லை என்றதும் நிம்மதியாகியிருக்க வேண்டும் இல்லையா? ஆகவில்லை. காதல் இல்லை என்றால் பேய். நம் பக்கத்தில் தனியாக இருக்க ஆசைப்படும் பெண்ணுக்கு இந்த இரண்டைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஏழாவதிலிருந்து இது நடக்கிறது என்கிறீர்கள். அந்த வயதில் உங்களை என்ன சொல்லியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 'வாயில்லாப் பூச்சி, இருக்கிற இடமே தெரியாது, தங்கமான பொண்ணு.' உள்ளே மணிக்கணக்கில் கரைந்து போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் பாராட்டு கிடைத்தது. உதடு அசைவது வெளியே தெரிந்ததும் தாயத்து வந்தது. சமூகம் கவனிப்பது உங்கள் கஷ்டத்தை இல்லை, அது வெளியே தெரிகிற விதத்தை. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாமல் எவ்வளவு நேரம் வீணானாலும் யாருக்கும் கவலை இல்லை. அதனால்தான் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டீர்கள். ஒளிய ஒளியப் பழக்கம் முற்றும். வெட்கம் வரும், அந்த வெட்கத்திலிருந்து தப்பிக்க மறுபடி அதே மாடிக்குத்தான் கால் போகும்.

கதைக்குள் வாழ்வது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. வடாற்காட்டில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கீழே பெண்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். துரியோதனன் சாயும் படுகளத்தன்று அவனுக்காக ஒப்பாரி வைப்பார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு கதைக்காக அழுதால் அது திருவிழா. நீங்கள் ஒருத்தி அழுதால் அது பேய். இதற்காக உங்கள் மாடியும் கூத்துக்களமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கூத்துக்கு முடிவு உண்டு. தீமிதி முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள், எல்லாரும் வேலைக்குப் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆளும் உண்டு. உங்கள் கதையில் இந்த இரண்டும் இல்லை.

அம்மா மீது கோபப்படாதீர்கள். மகளுக்கு ஏதோ ஆகிறது என்று கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்த மருந்தைக் கட்டினார். தாயத்து அவர் மனதுக்கு ஆறுதல் என்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும், அவிழ்த்து எறிந்து ஒரு சண்டையைக் கூட்ட வேண்டாம். ஆனால் அவரிடம் பேச வேண்டும். 'எனக்கு ஒரு வியாதி, அதற்கு இங்கிலீஷில் இன்ன பெயர்' என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவார். ஊசி இறங்கிய விரலைக் காட்டி ஆரம்பியுங்கள். 'அம்மா, எனக்கு நினைப்பு எங்கேயோ போயிடுது. நிறுத்தணும்னு பார்க்கிறேன், முடியல. யாரோடவும் பேசல, நானாகவே கதை கட்டிக்கிறேன். மிஷின்ல உட்காரும்போதும் வருது, பயமா இருக்கு. ஒரு டாக்டர்கிட்ட கேட்கலாம், கூட வா.' இது போதும். எதிர் வீட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இரண்டாவது கேள்வி, அந்த உலகத்தை அழிக்க வேண்டுமா? வேண்டாம். அழிக்கவும் முடியாது. 'இன்றோடு சரி' என்று சபதம் போட்டவர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பிப் போவார்கள். அந்தக் கதை பன்னிரண்டு பதிமூன்று வயதில் உங்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் கை கொடுத்திருக்கிறது. கதையில் உங்களுக்கு வேறு பெயர், வேறு வீடு இருந்தாலும், தனியாக எடுத்துச் சொன்னது அண்ணனைத்தான். அதற்கு அர்த்தம் சொல்லும் வேலையை இங்கே செய்ய மாட்டேன். நேரில் ஓர் ஆலோசகரோடு உட்கார்ந்து பேச வேண்டியது அது. அந்த அண்ணன் கதையில் உங்களுக்காக என்ன செய்கிறான், அதை நிஜத்தில் செய்ய யார் இருந்தார்கள், யார் இல்லை என்று அவர் கேட்கக்கூடும். தயங்காமல் சொல்லுங்கள்.

நேரத்தைத்தான் மீட்க வேண்டும். முதலில் மிஷின். கம்பெனியில் தையல் நேரத்தில் கதை கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், மற்றதெல்லாம் மெதுவாக ஆகட்டும். ஒரே மாதிரி வேலை, கை பாட்டுக்கு ஓடும், மனம் நழுவும், இது இயல்பு. நழுவியது தெரிந்ததும் உங்களைத் திட்டிக்கொள்ளாமல், காலடியில் பெடல், விரலில் தோலின் சொரசொரப்பு, தையல் ஓடும் ஓரம் என்று மூன்றையும் ஒரு முறை வேண்டுமென்றே கவனியுங்கள். நூறு தடவை நழுவினால் நூறு தடவை இதைச் செய்ய வேண்டியதுதான். தூக்கம் குறைந்த மறுநாள் அதிகம் நழுவும், கவனித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு. கதையை அதில் எழுத வேண்டாம். எத்தனை மணிக்கு மாடிக்குப் போனீர்கள், எப்போது இறங்கினீர்கள், போவதற்குச் சற்று முன் என்ன நடந்தது. இவ்வளவுதான். சூப்பர்வைசர் கத்திய நாளா, வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எடுத்த நாளா, ஒன்றும் நடக்காமல் வெறுமையாக இருந்த நாளா? இரண்டு மூன்று வாரத்தில் உங்களுக்கே ஒரு வடிவம் தெரியும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இப்படித் தன்னைத் தானே குறித்துக்கொள்வதோடு, மனதை நிகழ்காலத்துக்குக் கொண்டுவரும் தியானப் பயிற்சியையும் சேர்த்து இணையவழியில் சொல்லிக்கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை 2023இல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்களுக்குப் பகற்கனவின் பிடி குறைந்தது.

பாட்டையும் நடையையும் பிரித்துவிடுங்கள். உங்கள் கதையை ஓட்டுவது அவை இரண்டும் சேர்ந்துதான். இந்தப் பழக்கம் உள்ள பலருக்கும் அப்படித்தான். பாட்டு கேட்க வேண்டுமா, கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேளுங்கள். நடக்க வேண்டுமா, பாட்டில்லாமல் தெருவில் நடங்கள். கதைக்கென்று தினம் அரை மணி நேரம் ஒதுக்கி, போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தொடர்வீர்கள். பரவாயில்லை, அதையும் நோட்டில் எழுதுங்கள். மிச்சமாகும் நேரத்தை வெறுமனே விட்டால் கதைதான் அதையும் பிடித்துக்கொள்ளும். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வருபவரிடம் பேசுவதிலிருந்துகூட ஆரம்பிக்கலாம். கதையிலிருக்கும் மனிதர்கள் அளவுக்கு அவர் சுவாரசியமாக இருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

டாக்டரை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 2017இல் சோமரும் சக ஆய்வாளர்களும் இந்தப் பிரச்சினை உள்ள 39 பேரை விரிவாக நேர்காணல் செய்து பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு இருந்தது. பதற்றம், மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) என்று மற்றவையும் நிறையவே இருந்தன. சின்ன ஆய்வுதான், அதை அப்படியே எல்லாருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் அடியில் கிடக்கும் அப்படி ஒன்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கும்போது, மேலே தெரிகிற கனவோடு மட்டும் மல்லுக்கட்டுவானேன்? இந்தப் பகற்கனவுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. ஃப்ளூவாக்சமின் என்ற மருந்து ஒரு பெண்ணுக்கு உதவியதாக 2009இல் ஒரு குறிப்பு வந்தது. அது ஒரே ஒருவரின் அனுபவம். அதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்காதீர்கள்.

எங்கே போவது? 2019இல் மாவட்டத்தைப் பிரித்ததில் உங்கள் வீடு வேலூர், வேலை திருப்பத்தூர் என்று ஆகிவிட்டது. அதனால் குழம்ப வேண்டாம், வேலூருக்கே வாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. பாகாயம் என்றதும் அம்மா பதறலாம். அங்கே உள்ளே சேரும் நோயாளிகளுடன் குடும்பத்தார் கூடவே தங்குவது பல பத்தாண்டு வழக்கம். யாரையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடம் இல்லை என்று சொல்லுங்கள். உங்களுக்கு உள்ளே சேரும் தேவை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிநோயாளியாகப் போய் வந்தால் போதும்.

ஒரு நாள் சம்பளம் போகும் என்று யோசிப்பீர்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், டிஸ்பென்சரியில் மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். மனநலச் சிகிச்சையும் அதில் சேர்ந்ததுதான். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், உங்களைக் கேட்காமல் மருத்துவமனை அதை முதலாளியிடம் கொடுக்க முடியாது. நேரில் போவதற்கு முன் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றால் 14416க்கு அடியுங்கள். டெலி மனஸ், அரசாங்கச் சேவை, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாடியிலிருந்தே பேசுங்கள். எதிர் வீட்டுக்காரர்கள் இந்த ஒரு முறையாவது சரியாக ஊகித்ததாக இருக்கட்டும்.

கடைசியாகக் கல்யாணம். 'ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்' என்று இந்நேரம் யாராவது ஓர் அத்தை சொல்லியிருப்பார். ஆகாது. புது வீட்டில் மொட்டை மாடி இல்லாமல் போகலாம், நாலு பேர் எப்போதும் சுற்றி இருக்கலாம். பழக்கம் மாறாது, ஒளியும் இடம்தான் மாறும். அவசரமில்லாமல் சில மாதம் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். முடியாது என்றால் அதற்காகப் பயந்துவிடவும் வேண்டாம். இந்தப் பழக்கத்தோடு குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவரிடம் சொல்ல வேண்டுமா? பெண் பார்க்க வந்து காபி கொடுக்கும் நாளில் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் எது சொன்னாலும் அது அவருடைய பெரியப்பா வாய்க்குப் போய் வேறு உருவத்தில் திரும்பி வரும். நிச்சயத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்ளும் நிலை வந்தால், அப்போது சொல்லுங்கள். மறைத்து வைத்துப் பிறகு அவர் கண்ணில் பட்டால், எதிர் வீடு நினைத்ததையேதான் அவரும் முதலில் நினைப்பார். நோயின் பெயர் வேண்டாம், கதையும் வேண்டாம். அந்தக் கதை உங்களுடையது, எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டியதில்லை. 'தனியா நடந்துகிட்டே கதை யோசிக்கிற பழக்கம் சின்ன வயசிலிருந்து இருக்கு. அதுல நேரம் போயிடுது, குறைக்கிறதுக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்' என்று சொல்லுங்கள். சொல்லும்போது 'போயிட்டு வரேன்' என்பது உண்மையாக இருக்க வேண்டும். அதனால் மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிப்பதற்கு முன் நீங்கள் ஒரு தடவையாவது ஓ.பி. சீட்டு எடுத்திருங்கள். போகும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.